கடைசி கிளிப் எங்கே?

எட்டு லட்சம் கொடுத்து கார் வாங்குகிறீர்கள். எத்தனை ஸ்பீக்கர், சீட் கவர் என்ன கலர் என்று ஷோரூம்காரரைக் குடைந்து எடுக்கிறீர்கள். பேட்டரி டவுன் ஆனால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை கேட்டதுண்டா?

கேட்க மாட்டோம். 'அதெல்லாம் மெக்கானிக் சமாச்சாரம் சார்!'

2020 ஊரடங்கில் மாதக்கணக்கில் அசையாமல் நின்ற கார்களில் பேட்டரிகள் வரிசையாகப் படுத்தன. அப்போதும் நாம் பாடம் படிக்கவில்லை. இன்றும் செல்ஃப் எடுக்காத காரைச் சுற்றி நாலு பேர் கூடினால், நாலு பேருமே நிபுணர்கள். கேபிள் கிளிப்புகளை உரசி, பொறி பறக்கிறதா என்று பார்ப்பது முதல் வீரம். நாலு கிளிப்பையும் பேட்டரிகளிலேயே மாட்டுவது அடுத்த வீரம்.

பேட்டரிக்குள் இருப்பது கந்தக அமிலம். அதிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவிகிதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும். ஒரு பொறி போதும், பேட்டரி வெடித்து அமிலம் கண்ணில் தெறிக்க!

சரியான முறை சுலபம். இரண்டும் 12 வோல்ட் பேட்டரியாக இருக்க வேண்டும். கார்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது, இரண்டும் ஆஃப். சிவப்பு கேபிளை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி கிளிப்? செத்த பேட்டரியில் அல்ல! அதிலிருந்து தள்ளி, இன்ஜினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில். பொறி வருவது கடைசி இணைப்பில்தான். அது வாயு இருக்கிற இடத்தில் வரக்கூடாது. நல்ல காரைச் சில நிமிடம் ஓடவிட்டு மற்றதை ஸ்டார்ட் செய்யுங்கள். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில்.

பேட்டரி வீங்கியிருந்தாலோ, கார் வெள்ளத்தில் மூழ்கியிருந்தாலோ தொடவே தொடாதீர்கள்.

வண்டி கிளம்பிவிட்டதா? தெருமுனை வரை போய் வந்து 'சார்ஜ் ஏறிடுச்சு' என்காதீர்கள். நான் படித்தது பி.காம். என் கணக்கில் ஜம்ப் ஸ்டார்ட் வெறும் கைமாற்று, வரவு அல்ல. காலியான 35 ஆம்பியர்-அவர் பேட்டரியை சார்ஜரில் 3.5 ஆம்பியரில் போட்டால், நிரம்ப பத்து மணி நேரத்துக்கு மேலாகும். அதுவும் காற்றோட்டமான இடத்தில்; கிளிப் மாட்டிய பிறகுதான் சுவிட்ச்.

ஸ்டெப்னியும் ஜாக்கியும் தருகிற கம்பெனி, ஒரு நல்ல கேபிளையும் சேர்த்துத் தந்தால் குடி முழுகிவிடுமா? டிரைவிங் ஸ்கூல்காரர் இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் என்ன?

அவர்களைத் திட்டுவது இருக்கட்டும். உங்கள் காரின் கையேடு இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தானே தூங்குகிறது? முதலில் அதைப் பிரியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கவாவது கண் வேண்டுமில்லையா?