தோற்ற பின் எல்லோரும் பயிற்சியாளர்களே!

2022 டிசம்பர் 15ஆம் நாள். நம் நாட்டில் நள்ளிரவு கடந்து ஏறத்தாழ இரண்டரை மணி. கத்தாரின் அல்பைத் அரங்கில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் பிரான்சிடம் 2-0 என்று மொராக்கோ தோற்றது. ஆட்டம் முடிந்தும் நம் இல்லங்கள் பலவற்றில் விளக்குகள் அணையவில்லை. "பின்களத்தில் ஐவரை நிறுத்தும்படி யார் சொன்னது?", "காயம்பட்ட அணித்தலைவரை ஏன் இறக்கினார்?", "தொடக்கம் முதலே அடித்து ஆடியிருந்தால் வென்றிருக்கலாமே!" என்று தீர்ப்புகள் குவிந்தன. நான்கு நாள்களுக்கு முன் போர்ச்சுகலை வீழ்த்தியபோது அதே பயிற்சியாளரை மேதை என்று கொண்டாடிய நாவுகள்தாம் இவை.

பெரும் போட்டித் தொடர் ஒவ்வொன்றின்போதும் இது நிகழ்கிறது. ஆட்ட வியூகம் பற்றி ரசிகர் கருத்துச் சொல்வதில் பிழையில்லை. விளையாட்டின் சுவையில் பாதி அந்த விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் எதை அளவுகோலாகக் கொண்டு, எந்தச் சொற்களால் நாம் தீர்ப்பளிக்கிறோம் என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில், அருகில் அமர்ந்து நம் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

வலீத் ரக்ராகி மொராக்கோ அணியின் பொறுப்பை ஏற்றது 2022 ஆகஸ்ட் இறுதியில். உலகக் கோப்பைக்கு மூன்று மாதங்கள்கூட இல்லை. அவருக்கு முன்பிருந்த வாஹித் ஹலில்ஹோஜிச், அணியைத் தகுதிபெறச் செய்தவர். எனினும் முன்னணி வீரர்களுடன் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டிருந்தது. ஹகீம் ஸியெஷ் இனி நாட்டுக்காக ஆடுவதில்லை என்றே அறிவித்திருந்தார். ரக்ராகி அவரைத் திரும்ப அழைத்தார். அணியின் 26 பேரில் 14 பேர் வெளிநாடுகளில் பிறந்தவர்கள். அவர்களையும் தாய்நாட்டில் வளர்ந்தவர்களையும் ஓரணியாக இணைக்கும் பணியும் அவருடையதாயிற்று. அந்நேரத்தில் அவருடைய நாட்டிலேயே சிலர், முடியற்ற அவருடைய தலையைச் சுட்டி 'அவகாடோ தலையன்' என்று ஏளனம் செய்தனர்.

அவர் வகுத்த வியூகம் எளிமையானது. பந்து எதிரணியிடம் இருக்கட்டும். ஆனால் நடுவழியே நம் கோல் பக்கம் அது வரக்கூடாது. பின்களத்தில் நால்வர், அவர்களுக்கு முன்னே ஒற்றைத் தூணாக அம்ராபத், அவருக்கு முன்னே மீண்டும் நால்வர் கொண்ட ஒரு வரிசை. எதிரணியைப் பக்கவாட்டிற்குத் தள்ளி, பந்து கைக்கு வந்ததும் ஹகீமி, ஸியெஷ், பூஃபால் ஆகியோர் வழியே விரைந்து முன்னேறுவது.

இவ்வியூகத்தைப் பற்றி ரசிகர்கள் இரு கூறாகப் பிரிந்தனர். 'கோலுக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். இது கோழைகளின் ஆட்டம்' என்றது ஒரு தரப்பு. 'தன் வலிமையையும் எதிரியின் வலிமையையும் அளந்தறிந்த ஆட்டம்' என்றது மறுதரப்பு. ஸ்பெயினுடன் நடந்த ஆட்டம் இந்த விவாதத்தின் உச்சம். ஸ்பெயின் வீரர்கள் தமக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை பந்தைக் கடத்தினர். ஆட்ட நேரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு பந்து அவர்களிடமே இருந்தது. ஆனால் 120 நிமிடங்களில் ஒரு கோல்கூட விழவில்லை. பெனால்டி உதைகளில் ஒன்றைக்கூட அவர்களால் வலைக்குள் செலுத்த இயலவில்லை. கோல்காப்பாளர் யாசின் போனோ இரண்டைத் தடுத்தார். ஒன்று கம்பத்தில் பட்டது. மொராக்கோ 3-0 என்று வென்றது. அடுத்து, காலிறுதியில் யூசுஃப் அந்நஸீரி தலையால் முட்டிய ஒரே கோலால் போர்ச்சுகலும் வீழ்ந்தது. உலகக் கோப்பையின் அரையிறுதியை எட்டிய முதல் ஆப்பிரிக்க அணி, முதல் அரபு அணி என்ற சிறப்பு மொராக்கோவிற்குக் கிடைத்தது. அதுவரை ஐந்து ஆட்டங்களில் அவ்வணியின் வலைக்குள் விழுந்தது ஒரே ஒரு கோல். அதுவும் கனடாவுடனான ஆட்டத்தில் தம் வீரரின் காலில் பட்டுத் திரும்பியது.

பிறகு வந்தது பிரான்ஸ். பின்களத்தின் நடுவில் ஆடும் அக்ர்த், தொடக்க அணியில் பெயர் இடம்பெற்றும், ஆட்டத்திற்கு முந்தைய பயிற்சியின்போது விலக நேர்ந்தது. அணித்தலைவர் சாயிஸ் முந்தைய ஆட்டத்திலேயே காயத்தால் வெளியேறியவர். 21ஆம் நிமிடத்தில் மீண்டும் வெளியேறினார். ஐவர் நின்ற பின்களம் நால்வராக மாறியது. அதற்கு முன்பே, 5ஆம் நிமிடத்தில், முதல் கோல் விழுந்துவிட்டது. அதன்பின் மொராக்கோ துணிந்து முன்னேறியது. அல்யாமீக் தலைக்கு மேலாகத் திரும்பி உதைத்த பந்து கம்பத்தில் பட்டு மீண்டது. அன்று பந்தை அதிக நேரம் வைத்திருந்தது மொராக்கோதான்! 'பந்தை வைத்துக்கொண்டு அடித்து ஆடுங்கள்' என்று விமர்சகர்கள் எதைக் கேட்டார்களோ, அது நிகழ்ந்த ஆட்டத்தில்தான் அவ்வணி தோற்றது.

இங்கே நாம் பெற வேண்டிய முதல் பாடம் இருக்கிறது. ஒரு முடிவு சரியா தவறா என்பதை அதன் விளைவை மட்டும் கொண்டு அளக்கக்கூடாது. முடிவெடுத்தவரிடம் அந்த நேரத்தில் என்ன இருந்தது, எதை அவர் அறிந்திருந்தார், வேறு என்ன வழி இருந்தது என்று கேட்பதே நீதி. அதே தொடரில் ஜப்பானின் பயிற்சியாளர் ஹஜிமே மொரியாசுவுக்கு நேர்ந்ததைப் பாருங்கள். ஜெர்மனியை 2-1 என்று வென்றபோது அவர் மதிநுட்பர். அடுத்த ஆட்டத்தில் ஐந்து வீரர்களை மாற்றிக் கோஸ்டாரிகாவிடம் 1-0 என்று தோற்றபோது அவர் அறிவிலி. ஸ்பெயினை 2-1 என்று வென்றதும் மீண்டும் மதிநுட்பர். ஒன்பது நாள்களுக்குள் ஒரு மனிதரின் அறிவு இப்படி ஏறி இறங்குமா? ஏறி இறங்கியது நம் தராசுதான்.

சாயிஸை இறக்கியது தவறு என்று ஒருவர் வாதிடலாம். நமக்கும் அப்படியே தோன்றுகிறது. முழு உடல்நிலையில் இல்லாதவரை நம்பி, பழகிய அமைப்பையும் மாற்றியது அளவுக்கு மீறிய துணிவு. ஆனால் இது ஒரு கருத்து. 'அவர் பயந்தாங்கொள்ளி', 'விலைபோய்விட்டார்', 'அவருக்கு எதுவும் தெரியாது' என்பவை கருத்துகள் அல்ல. ஒரு மனிதரின் உள்ளத்தின் மீதும் மானத்தின் மீதும் நாம் செய்யும் அத்துமீறல். இது நம் இரண்டாவது பாடம். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதையும், ஆதாரமற்ற சந்தேகத்தையும், புறம் பேசுவதையும் சூரத்துல் ஹுஜுராத் அடுத்தடுத்துத் தடுக்கிறது. அந்தத் தடை பள்ளிவாசலுக்குள் மட்டுமே பொருந்தும், தொலைக்காட்சிக்கு முன்னால் பொருந்தாது என்று எவரும் நமக்குச் சொல்லவில்லை. ஏளனப் பெயர் பெற்ற அதே தலையை வெற்றிக்குப் பின் வீரர்கள் அன்போடு தட்டி மகிழ்ந்தனர். 2024 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவிடம் 2-0 என்று தோற்றதும் கண்டனங்கள் திரும்பி வந்தன. மனிதர் அவரேதான்.

இவ்விடத்தில் உஹதுக் களம் நம் நினைவுக்கு வருகிறது. ஒரு விளையாட்டை அந்தத் தியாகக் களத்தோடு நாம் ஒப்பிடவில்லை. தோல்விக்குப் பின் எப்படிப் பேசுவது என்ற ஒழுக்கத்தை மட்டுமே அங்கிருந்து எடுத்துக்கொள்கிறோம். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்வது என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று தோழர்கள் பலர் ஆர்வம் கொண்டனர். அண்ணலார் அதனை ஏற்றார்கள். மலையில் நிறுத்தப்பட்ட ஐம்பது வில்வீரர்களில் பெரும்பாலோர் வெற்றி கிட்டிவிட்டதென எண்ணி இடம் பெயர்ந்தனர், களம் தலைகீழானது. எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். 'எங்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இவர்கள் இறந்திருக்கமாட்டார்கள்' என்ற பொருளில் பேசியவர்கள் யார்? வீட்டில் தங்கிவிட்ட நயவஞ்சகர்கள். ஆனால் அல்லாஹ் தன் தூதருக்கு இட்ட கட்டளையோ, அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோருங்கள், காரியங்களில் அவர்களோடு கலந்தாலோசியுங்கள் என்பதாகும். ஆலோசனையின் விளைவு கசந்தது என்பதற்காக ஆலோசனை எனும் வழி கைவிடப்படவில்லை. தவறு சுட்டிக்காட்டப்பட்டது, தவறியவர்கள் தூக்கியெறியப்படவில்லை.

மூன்றாவதாக ஒன்று. மொராக்கோ வென்ற ஒவ்வொரு முறையும் 'இது துஆவின் வெற்றி' என்று நாம் பெருமிதம் கொண்டோம். அரையிறுதி முடிந்த மறுநாள் நம் வீட்டுச் சிறுவன் ஒருவன் கேட்டான்: "அத்தா, நேற்று நம் துஆ கபூல் ஆகவில்லையா?" நாம் திகைத்துப்போனோம். வெற்றியை ஈமானின் சான்றாக நாம்தாம் அவனுக்குக் கற்பித்திருந்தோம். அப்படியானால் தோல்வி எதன் சான்று என்று அவன் கேட்பது நியாயமே. பிரான்சு அணியிலும் முஸ்லிம் வீரர்கள் ஆடினார்கள் என்பதை நாம் மறந்துபோயிருந்தோம்.

அவனுக்கு நாம் காட்டியது ஒரு காட்சியை மட்டுமே. ஸ்பெயினை வென்ற பின் மொராக்கோ வீரர்கள் ஸஜ்தா செய்தார்கள். அதை உலகமே பார்த்தது. பிரான்சிடம் தோற்ற பின்பும் தம் ரசிகர்களின் முன்னே அதே வீரர்கள் நெற்றியைத் தரையில் பதித்தார்கள். வென்றாலும் தோற்றாலும் அந்த ஸஜ்தா மாறவில்லை. சிறுவனுக்கு அது புரிந்தது. புரியாமல் இருந்தவர்கள் பெரியவர்களான நாமே.

கால்பந்து விவாதத்தோடு இது நின்றுவிடாது என்பதே நம் கவலை. விளைவை மட்டும் வைத்துப் பயிற்சியாளரை ஏசக் கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளை தேர்வில் தவறிய தம்பியையும், தொழிலில் நட்டமடைந்த தந்தையையும், ஜமாஅத் நிர்வாகத்தையும் அதே தராசில்தான் நிறுப்பான். தோல்விக்குப் பின் ஞானம் பேசுவது எளிது. பொறுப்பைச் சுமந்தவரின் இடத்தில் நின்று பார்ப்பது கடினம். அந்தக் கடினமானதைப் பழக்குவதற்கு வீட்டுக் கூடத்தைவிட நல்ல பள்ளி இல்லை.

ஆகவே அடுத்த தொடர் வரும்போது, இன்ஷா அல்லாஹ், ஒரு சிறு பழக்கத்தை மேற்கொள்வோம். ஆட்டம் தொடங்கும் முன்பே நம் கருத்தைச் சொல்லிவிடுவோம்: எத்தனை பேரைப் பின்களத்தில் நிறுத்துவோம், யாரை இறக்குவோம், ஏன் என்று. பிள்ளைகளும் சொல்லட்டும். ஆட்டம் முடிந்த பின் நம் கணிப்பில் எத்தனை பிழைத்தது என்று முதலில் எண்ணுவோம். அதன் பிறகு பயிற்சியாளரின் பிழையைப் பேசுவோம். வியூகத்தைப் பற்றித் தாராளமாகப் பேசுவோம். மனிதரைப் பற்றிப் பேச நேர்ந்தால் அவர் நம் எதிரே அமர்ந்திருப்பதாக எண்ணிப் பேசுவோம். நள்ளிரவு ஆட்டத்திற்காக விழித்திருந்தவர்கள் ஃபஜ்ரு ஜமாஅத்தையும் தவறவிடாமல் இருப்போம்.