சீட்டில் பேரில்லாதவர்கள்

1985இல் டாக்காவில் ஏழு நாடுகள் கூடி 'சார்க்' தொடங்கின. தெற்காசியா ஒரே குரலில் பேசும் என்றார்கள். பேசியதா?

1997 ஆகஸ்டில் சுத்தம் போதாதென்று இந்திய இறாலை, மீனை ஐரோப்பிய ஒன்றியம் நிறுத்தியது. சில நாள் முன்புதான் வங்கதேசச் சரக்கை நிறுத்தியிருந்தது. அங்கே பதினைந்து நாடுகள், ஒரே உத்தரவு. இங்கே டில்லி தனியாக, டாக்கா தனியாகப் போய்க் கதவைத் தட்டின. பிரஸ்ஸல்ஸ் கையெழுத்து பழவேற்காட்டில் கூடை தூக்குகிறவள் கூலியில் விழும். வங்கியில் கடன் பேரேடு எழுதுகிறவன் நான். ஏற்றுமதி படுத்தால் எந்தத் தெரு முதலில் படுக்கும் என்று எனக்குத் தெரியும்.

சார்க் சாசனத்தின் 10ஆவது பிரிவு, இருதரப்புப் பிரச்சினையும் சர்ச்சைக்குரியதும் பேசக்கூடாது என்கிறது. அப்போ பாக் நீரிணையில் பிடிபடுகிற மீனவன்? இருதரப்பு. வாயை மூடு. ஆனால் அமெரிக்கா, சீனா, ஜப்பான், ஐரோப்பிய ஒன்றியத்துக்கெல்லாம் பார்வையாளர் நாற்காலி உண்டு. 2005இல் சீனாவுக்கு நாற்காலி போடச் சின்ன நாடுகள் ஏன் துடித்தன? டில்லி பெரிய தலைக்கட்டு என்கிற பயம். வீட்டுக்குள்ளே மேல்கீழ் இருந்தால் வெளியாள் உள்ளே வர வாசல் தானே திறக்கும்.

எல்லாம் ஏகாதிபத்தியச் சதி என்று முடித்துக்கொள்ளும் தோழர்களே, எங்கள் ஏரிக்கு வாருங்கள். இங்கே பாடு முறை. நல்ல இடத்தில் வலை போட முறைவைத்துச் சீட்டெடுப்பார்கள். பட்டினவர் தலைக்கட்டுகளுக்குள் நியாயமான ஏற்பாடுதான். தலித்துக்கும், கையால் இறால் தடவுகிற இருளருக்கும் அந்தச் சீட்டில் பேரில்லை. மரபாம். எவன் எழுதின மரபு?

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி இங்கே கோட்டை கட்டியது. ஏழு மாகாணங்கள் கூடிய ஒரு கூட்டாட்சி கொடுத்த சாசனம் அதன் கையில் இருந்தது. பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான ஆட்களை அடிமைகளாக்கிப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றினான். கோட்டைக்குள்ளே வாங்க ஆள் இருந்தான். ஊருக்குள்ளே பிடித்துக்கொடுக்கவும் ஆள் இருந்தான்.

உள்ளே சமத்துவமில்லாத கூட்டு வல்லரசு முன்னால் நிற்காது. 2014 காத்மண்டுவுக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. அந்தப் 10ஆவது பிரிவு போகணும். ஏரிச் சீட்டில் எங்கள் பேரும் ஏறணும். அப்புறம் கூப்பிடுங்கள், பிரஸ்ஸல்ஸுக்குக் கேட்கிற மாதிரி சேர்ந்தே கத்துவோம்.