முற்றத்துப் புல்லுக்காக மேல்மண்ணை விற்கலாமா?

தூத்துக்குடியை அடுத்த முத்தையாபுரம், முள்ளக்காடு, அத்திமரப்பட்டிப் பகுதிகளில் ஒரு பக்கம் வாழைத் தோட்டம், மறுபக்கம் உப்பளம். நடுவே புதிய வீடுகள் எழும்புகின்றன. வீடு கட்டியவர்கள் முற்றத்தில் பசும்புல் தரை வேண்டும் என்கிறார்கள். அந்த ஆசையில் குற்றமில்லை. அதற்காக நம் வயலின் மேல்மண் விலை போவதுதான் குற்றம்.

உவர் மண்ணில் புல் பிடிக்காது என்று சொல்லி, விளைநிலத்து மண்ணை வண்டி வண்டியாகக் கொட்டுகிறார்கள். மண்ணோடு வெட்டி எடுத்த புல் பாய்களை விரித்தாலும் கதை அதேதான். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். பாயில் 2 செ.மீ. மண் ஒட்டி வந்தாலும், ஒரு சென்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் மண் நிலத்தை விட்டுப் போய்விடுகிறது. மண் விற்ற பணம் ஒரு போகத்தில் கரைந்துவிடும். போன மண் மீண்டும் உண்டாக ஒரு தலைமுறை போதாது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறந்துவிட முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிப் பாசனத்தில் பல வயல்களில் மேல்மண் அடித்துச் செல்லப்பட்டது. பல வயல்களில் மணல் மேடிட்டது. வெள்ளம் கொண்டு போனதற்கு நாம் பொறுப்பல்ல. நாமே வெட்டி விற்பதற்கு யார் பொறுப்பு?

இதற்கு மாற்று நம் வரப்பிலேயே இருக்கிறது. அதுதான் அருகம்புல். வயலுக்குள் அது களை. பிடுங்கிப் பிடுங்கி நம் கை ஓய்ந்ததுண்டு. முற்றத்தில் அதுவே நல்ல விருந்தாளி. வாழை தாங்காத உப்பையும் அது தாங்கும். கோடையில் பழுத்துக் கிடந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். ‘அருகுபோல் வேரோடி’ என்று பெரியவர்கள் வாழ்த்துவது சும்மா அல்ல. நாற்றுப் பண்ணைகளில் விற்கும் கொரியப் புல் பார்வைக்கு அழகுதான். ஆனால் மெதுவாகத்தான் படரும், செலவும் கூடுதல்.

வளர்க்கும் முறை எளிது. ஐப்பசி மழை தொடங்கும்போது தரையைக் கொத்தி, கோரைக் கிழங்கைக் கிழங்கோடு பொறுக்கி எறிய வேண்டும். நீர் தேங்காதபடி தரையை அரை அடி உயர்த்தி, வாட்டம் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். மழை நீர் உப்பைக் கரைத்து இறங்குவதற்கு இந்த வடிகால் மிக அவசியம். மக்கிய தொழு உரம் கலந்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள தண்டுகளை 3 அல்லது 4 அங்குல இடைவெளியில் ஊன்றினால் போதும். மர நிழலில் அருகு சரியாக வராது. அந்த இடத்தை விட்டுவிடுங்கள். வெட்டும்போது ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது. மருந்து தெளிக்காத புல்லாக இருந்தால் வெட்டியது ஆட்டுக்குத் தீவனம்.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். கோடையில் தரை பச்சையாகவே இருக்க வேண்டுமானால் நாளொன்றுக்கு 5 மில்லி மீட்டர் நீர் கொடுக்க வேண்டும். ஒரு சென்டுக்கு அது 200 லிட்டர். இரண்டு கறவை மாடுகளுக்குப் போதுமான தண்ணீர் அது! ஆகவே அரை சென்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கோடையில் புல் பழுத்தால் பழுக்கட்டும். சோப்பு நீரைத் தொடர்ந்து விடாதீர்கள்; அதில் உள்ள உப்பு மண்ணை இறுக்கிவிடும். கிணற்று நீரின் உப்பு எவ்வளவு என்று சந்தேகம் இருந்தால், நீரையும் மண்ணையும் பரிசோதனை செய்து தெரிந்துகொள்வது நல்லது.

இதில் சிறு விவசாயிக்கு ஒரு வருமானமும் உண்டு. மண்ணை விற்காமல், களையெடுப்பில் கிடைக்கும் அருகந் தண்டுகளை மண் உதறி, சாக்கில் கட்டி, நட்டுக் கொடுக்கும் கூலியோடு சேர்த்து விற்கலாம். வரப்பில் மட்டும் அருகை விட்டு வையுங்கள். அடுத்த வெள்ளத்தில் வரப்பைப் பிடித்து நிறுத்துவது அந்த வேர்தான்.

புல்லை விற்போம். மண்ணை விற்க வேண்டாம்.