கப்றைத் தோண்டிய பிறகும் கிடைக்காத எலும்புகள்

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியால் தெற்கே போனால் அடுத்து வருவது தெஹிவளை. அங்குள்ள மையவாடியில் 2015 ஆகஸ்ட் 10ஆம் திகதி ஒரு கப்று தோண்டப்பட்டது. மூன்று வருடங்களுக்கு முன் நல்லடக்கம் செய்யப்பட்டிருந்த றகர் வீரர் வசீம் தாஜுதீனின் ஜனாஸா நீதிமன்ற உத்தரவின்பேரில் வெளியே எடுக்கப்பட்டது. அந்த நாட்களில் எங்கள் பகுதியில் எல்லோரும் பேசியது கொலையாளி யார் என்பதைப் பற்றித்தான். எனக்கு இன்றுவரை ஆறாதது வேறொன்று. புதிய சட்ட வைத்தியக் குழு உடலைப் பார்த்தபோது சில எலும்புகள் காணாமல் போயிருந்தன.

வசீம் 2012 மே 17ஆம் திகதி நாரஹேன்பிட்டியில் எரிந்த காருக்குள் சடலமாகக் கிடந்தார். விபத்து என்றார்கள். முதலாவது பிரேத பரிசோதனையைச் செய்தவர் அப்போதைய கொழும்பு பிரதான சட்ட வைத்திய அதிகாரி ஆனந்த சமரசேகர. இரண்டாவது பரிசோதனையோ, காயங்கள் விபத்தில் ஏற்பட்டவை அல்ல, அவர் தாக்கப்பட்டிருக்கிறார் என்றது. 2016 பெப்ரவரியில் கொழும்பு மேலதிக நீதவான் இது கொலைதான் என்று தீர்ப்பளித்தார். சாட்சியங்களை மறைத்ததாக முன்னாள் பொலிஸ் உயரதிகாரிகள் கைதானார்கள். சமரசேகர மீதும் அதே குற்றச்சாட்டு எழுந்தது. எடுக்கப்பட்ட உடற்பாகங்களைத் தேடும் விசாரணை மாலபேயிலுள்ள ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி வரை நீண்டது.

இதைத் தனிமனிதரின் தவறு என்று மூடிவிடலாம். ஆனால் அரச பிரேத அறையில் எடுக்கப்படும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பதிவு இருக்க வேண்டும். எடுத்தவர் யார், எந்த நேரம், எந்தப் போத்தலில், யாரிடம் கையளிக்கப்பட்டது என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்தப் பதிவு ஒழுங்காக இருந்திருந்தால் மூன்று வருடங்கள் கழித்துக் கப்றைத் தோண்டி எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஏட்டைப் புரட்டினாலே போதும்.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலிலும் இந்தக் குழப்பத்தைக் கண்டோம். கொட்டாஞ்சேனை மக்களுக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயம் சொந்த வாசற்படி மாதிரி. அந்தத் தாக்குதல்களில் இறந்தவர்கள் 359 பேர் என்று அறிவித்த அரசாங்கம், சில நாட்களில் 253 என்று திருத்தியது. சிதறிய உடற்பாகங்களை எண்ணியதில் பிழை என்றார்கள். அன்றைய நிலைமையில் அதை மன்னிக்கலாம். சாய்ந்தமருது விடயம் அப்படியல்ல. அங்கு இறந்ததாகச் சொல்லப்பட்ட சாரா ஜஸ்மினின் மரபணு முதலிரண்டு பரிசோதனைகளில் பொருந்தவில்லை. அவர் இந்தியாவுக்குத் தப்பிவிட்டார் என்று ஒரு பெரிய கதையே வளர்ந்தது. உதவினார் என்ற சந்தேகத்தில் முஸ்லிம் பொலிஸ் அதிகாரி ஒருவர் கைதானார். மீண்டும் சடலங்களைத் தோண்டி, மூன்றாவது பரிசோதனையில் அவர் இறந்துவிட்டார் என்று 2023 மார்ச்சில் பொலிஸ் அறிவித்தது. ஏறக்குறைய நான்கு வருடங்கள்! அந்தச் சந்தேகத்தின் சுமையைத் தூக்கியது யார் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நம் நாட்டில்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2004 மார்ச்சில் மட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு விரலடையாளம், அமெரிக்காவின் ஒரேகன் மாநிலச் சட்டத்தரணி பிராண்டன் மேஃபீல்டுடையது என்று எப்.பி.ஐ. நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். பொருந்தவில்லை என்று ஸ்பெயின் பொலிஸ் ஏப்ரலிலேயே சொல்லியும் மே 6ஆம் திகதி கைது செய்தார்கள். அடையாளம் ஓர் அல்ஜீரியருடையது என்று ஸ்பெயின் கண்டுபிடித்த பிறகே விடுதலை. 2006இல் மன்னிப்பும் 20 இலட்சம் டொலர் நட்டஈடும் கிடைத்தன. முதல் பிழைக்கு அவருடைய மதம் காரணமல்ல, ஆனால் பிழையை மீளப் பார்க்காமல் விட்டதில் அதற்குப் பங்கு இருந்திருக்கலாம் என்றது அந்நாட்டு நீதித் திணைக்களத்தின் விசாரணை அறிக்கை. அந்த வரியை நமது அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் ஒவ்வொரு மேசையிலும் ஒட்டலாம்.

ஆய்வுகூடங்களைச் சுதந்திரமான ஒரு குழு வருடாவருடம் சோதிக்க வேண்டும். மாதிரியின் ஒரு பகுதியை இரண்டாவது பரிசோதனைக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். குடும்பமும் எதிராளியும் கேட்டால் அது கிடைக்க வேண்டும். நமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

நம்மிடமும் ஒரு குறை உண்டு. ஜனாஸாவைத் தாமதிக்காதீர்கள் என்பது மார்க்கம். ஆனால் பிரேத அறை வாசலில் நாம் கேட்கும் கேள்வி அது ஒன்று மட்டும்தான். சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையில் இருந்த என் மச்சான் ஒருவர் வீதி விபத்தில் வபாத்தானார். "அஸருக்கு முந்தி மையித்தத் தருவீங்களா சேர்?" என்று நானே நாலு தடவை கேட்டேன். நீட்டிய தாளில் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டேன். இரத்த மாதிரி எடுத்தார்களா, எங்கே அனுப்பினார்கள், அறிக்கையின் பிரதிக்கு எந்த நீதிமன்றத்தில் விண்ணப்பிப்பது என்று கேட்கப் பத்து நிமிடம் போதும். கேட்கவில்லை. நட்டஈட்டு வழக்கு வந்தபோது தாத்தாதான் பிள்ளைகளோடு அலைந்தார். அறிக்கை கைக்கு வர ஒன்றரை வருடம் எடுத்தது. அதில் மச்சானின் வயதும் பிழை, விபத்து நடந்த திகதியும் பிழை.