தெம்பனிஸ் பிள்ளைகளும் துப்பாக்கிச் சட்டமும்: எங்கள் நிலைப்பாடு

சிங்கப்பூரின் துப்பாக்கிச் சட்டங்களைத் தளர்த்தக் கூடாது. அந்தச் சட்டங்கள் என்ன சொல்கின்றன, ஏன் சொல்கின்றன என்பதைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும். தெம்பனிஸில் குடியிருக்கும் பெற்றோர், தேசிய சேவையை முடித்தவர்கள், தொண்டூழியர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவு இது.

இதைப் பேச வைத்தது நம் வட்டாரத்தில் நடக்கவிருந்த ஒரு கொடுமை. இணையத்தின்வழி தீவிரவாதப் போக்குக்கு ஆளான 17 வயது இளையர் ஒருவர், 2024 ஆகஸ்டில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பிடிபட்டார். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் தெம்பனிஸ் வெஸ்ட் பகுதியில் ஆடவர்களைக் குத்திக் கொல்வது அவரது திட்டம். அதற்கு அவர் நம்பியிருந்தது வீட்டிலிருந்த கத்தியையும் கத்தரிக்கோலையும். அந்தக் கையில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாங்கள் ஒவ்வொருவரும் யோசித்துப் பார்த்தோம்.

அதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன், 2020 டிசம்பரில், 16 வயது மாணவர் ஒருவர் தடுத்து வைக்கப்பட்டார். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 2019 மார்ச் 15ஆம் தேதி 51 பேரைச் சுட்டுக் கொன்றவனைப் பின்பற்றி, அதே தேதியில் இங்குள்ள இரு பள்ளிவாசல்களைத் தாக்க அவர் நினைத்திருந்தார். இணையத்தில் துப்பாக்கி வாங்கவும் முயன்றார். சிங்கப்பூரின் கடுமையான சட்டத்தால் அது கிடைப்பது கடினம் என்று கண்டு, வெட்டுக்கத்திக்கு மாறினார். சட்டம் என்ன சாதித்தது என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான பதில் எங்களிடம் இல்லை.

இந்தச் சட்டம் சும்மா வந்ததல்ல. 1960களின் பிற்பகுதியிலும் 70களின் தொடக்கத்திலும் துப்பாக்கிக் கொள்ளையர்களால் இந்த நகரம் நடுங்கியது. காவலரைச் சுட்டுக் கொன்ற லிம் பான் லிம் 1972 நவம்பரில் மார்கரெட் டிரைவில் போலிசாரால் சுட்டு வீழ்த்தப்பட்டான். மறு ஆண்டே ஆயுதக் குற்றங்கள் சட்டம் வந்தது. காயப்படுத்தும் நோக்கத்தோடு சுட்டால் கட்டாய மரண தண்டனை. அந்தத் தண்டனை வேண்டுமா, வேண்டாமா என்பதில் எங்கள் உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. இருப்பதாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டோம். துப்பாக்கி பொதுமக்கள் கைக்கு எளிதில் வரக் கூடாது என்பதில் மட்டும் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை.

ஆனால் சட்டத்தை மட்டும் நம்பியிருந்த காலம் முடிந்துவிட்டது. 2021 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துப்பாக்கிகள், வெடிபொருள்கள், ஆயுதங்கள் கட்டுப்பாட்டுச் சட்டம், முப்பரிமாண அச்சில் துப்பாக்கி செய்வதற்கான கணினி வரைபடத்தை உரிமமின்றி வைத்திருப்பதையே குற்றமாக்கியது. ஆர்வக்கோளாறில் ஒரு கோப்பைப் பதிவிறக்கும் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இது தெரியுமா? பெற்றோருக்குத் தெரியுமா? எங்களில் பலருக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த வயதில் ஒருவன் என்ன செய்ய முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம்: 2023 அக்டோபரில் பேங்காக்கின் சியாம் பாராகன் கடைத்தொகுதியில் சுட்டவன் 14 வயதுச் சிறுவன். அவன் கையில் இருந்தது வெற்றுத்தோட்டா மட்டும் வெடிக்கும்படி செய்யப்பட்டு, பிறகு உண்மைத் தோட்டா சுடும்படி மாற்றப்பட்ட துப்பாக்கி. விடுமுறைக்கு நம் குடும்பங்கள் போய்வரும் இடம் அது.

துப்பாக்கியை மதிக்கக் கற்றுக்கொடுப்பதில் நம் நாட்டுக்கு நல்ல அனுபவம் உண்டு. தேசிய சேவையில் சுடும் பயிற்சி முடிந்ததும், தோட்டாவோ சுட்ட தோட்டாவின் வெற்று உறையோ தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவரும் உரக்க அறிவித்த பின்புதான் அங்கிருந்து நகர முடியும். துப்பாக்கிக் குழலை ஆள் பக்கம் திருப்பாதே, சுடும் நேரம் வரும்வரை விசையில் விரல் வைக்காதே, தோட்டா இல்லை என்று சொன்னாலும் திறந்து பார். இவை எங்கள் உறுப்பினர்களுக்கு இன்றும் மறக்கவில்லை. ஆனால் இந்தப் பாடம் பதினெட்டு வயதில்தான், அதுவும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கிறது. தேசிய மாணவர் படையில் சேரும் சிலர் முன்னதாகவே கற்கிறார்கள். மற்றவர்களுக்குத் துப்பாக்கி என்றால் கைப்பேசி விளையாட்டுதான்.

பிள்ளைகளிடம் துப்பாக்கியைப் பற்றிப் பேசினால் ஆசை கிளம்பும் என்று சில பெற்றோர் எங்களிடம் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஆகவேதான் சுடக் கற்றுக்கொடுக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. எது சட்டப்படி துப்பாக்கி, எந்தக் கோப்பைத் தொடக் கூடாது, கீழே கிடக்கும் தோட்டாவையோ பழைய போர்க்கால வெடிபொருளையோ கண்டால் விலகி நின்று 999ஐ அழைப்பது எப்படி, நண்பன் ஒருவன் ஆயுதம் பற்றியும் ஆட்களைக் கொல்வது பற்றியும் பேசத் தொடங்கினால் யாரிடம் சொல்வது என்பவையே அந்தப் பாடம். கடைசியாகச் சொன்னதுதான் எங்களுக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்.

உயர்நிலை ஒன்றிலோ இரண்டிலோ இதற்குப் பாடநேரம் ஒதுக்குமாறு கல்வி அமைச்சையும் உள்துறை அமைச்சையும் கேட்டுக்கொள்கிறோம். பெற்றோருக்கான விளக்கம் நான்கு மொழிகளிலும் வேண்டும். தமிழில் விளக்கிச் சொல்ல எங்கள் தொண்டூழியர்கள் சமூக மன்றங்களுக்கும் புளோக்கின் கீழ்த்தளங்களுக்கும் வரத் தயாராக இருக்கிறார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஜோகூரிலோ பேங்காக்கிலோ விற்கும் ஜெல் பிளாஸ்டர், ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை விளையாட்டுப் பொருள் என்று நினைத்து வாங்காதீர்கள். உரிமமின்றி அவற்றை இங்கு கொண்டுவருவது குற்றம். ஊர் திரும்ப விடுதியை விட்டுக் கிளம்பும் முன் பிள்ளையின் பையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.