கெட்டிலுக்குத் தெரிந்தால் போதும்

ஒசாகாவைச் சேர்ந்த சோஜிருஷி நிறுவனத்துக்கு பிளாஸ்க்கும் ரைஸ் குக்கரும்தான் காலங்காலமான தொழில். 2001-ம் ஆண்டு அந்த நிறுவனம் ஒரு வெந்நீர்க் கெட்டிலை ஜப்பானில் அறிமுகம் செய்தது. பார்க்க அங்கே பல வீடுகளிலும் இருக்கிற கெட்டில்தான். நாள் முழுக்கத் தண்ணீரைச் சூடாக வைத்திருக்கும். மேலே அழுத்தினால் கோப்பையில் வெந்நீர் விழும். ஆனால் உள்ளே, செல்போன் சிக்னலில் தகவல் அனுப்பும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருந்தார்கள். தனியாக வாழும் பாட்டி காலையில் எழுந்து தேநீருக்கு வெந்நீர் பிடித்தால் அந்த நேரம் பதிவாகிவிடும். வேறு ஊரில் இருக்கும் மகளுக்கு நாளைக்கு இரண்டு முறை மின்னஞ்சலில் அந்தத் தகவல் போகும். வழக்கமாக ஆறு மணிக்குப் பிடிக்கிற வெந்நீரைப் பாட்டி பத்து மணி வரை பிடிக்கவில்லை என்றால், மகள் போனை எடுப்பாள். வெளியே போகிறேன், திரும்பிவிட்டேன் என்று சொல்ல கெட்டிலிலேயே ஒரு பட்டனும் உண்டு. அப்போது மாதக் கட்டணம் சுமார் 3,000 யென்.

இந்தக் கெட்டில் பிறந்ததற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1996-ல் டோக்கியோவின் இகெபுகுரோ பகுதியில், நோயுற்ற மகனும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான தாயும் வீட்டுக்குள்ளேயே இறந்துபோனார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் போலக் கழித்துத்தான் உடல்கள் கண்டெடுக்கப்பட்டன. அந்தச் செய்தி ஒரு மருத்துவரை உலுக்கியது. முதியவர்கள் தினமும் தொட்டுப் புழங்கும் ஒரு பொருளே அவர்கள் நலமாக இருப்பதைச் சொல்ல முடியாதா என்று அவர் கேட்டார். ஜப்பானில் வயதானவர்கள் எழுந்ததும் கை போவது வெந்நீருக்கு. அதனால் கெட்டில்.

கருவிகளைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். இந்தக் கெட்டில் அளவுக்கு எதுவும் என் மனதில் தங்கியதில்லை. பாட்டி புதிதாக எதையும் கற்றுக்கொள்ள வேண்டாம். கையிலோ கழுத்திலோ எதையும் மாட்டிக்கொள்ள வேண்டாம். அவள் எப்படி உட்கார்ந்திருக்கிறாள், என்ன உடுத்தியிருக்கிறாள், யாரோடு பேசுகிறாள் என்று மகளுக்குத் தெரியாது. அம்மா எழுந்துவிட்டாள், அவ்வளவுதான் தெரியும். அது போதும் என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

தனியாக இருக்கும் பெற்றோரைப் பற்றிய இதே கவலை இப்போது நம் ஊர்களுக்கும் வந்துவிட்டது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2021-ல் வெளியிட்ட கணக்கின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் அறுபது வயதைக் கடந்தவர்கள். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் டல்லாஸிலும் இருக்கிறார்கள். லீவுக்கு வருகிறவர்கள் திரும்பிப் போவதற்குள் வீட்டுக்கு இணைய இணைப்பு வாங்கி, கூடத்தில் ஒன்று, சமையலறையைப் பார்த்தாற்போல் ஒன்று என்று கேமராவை மாட்டிவிட்டுப் போகிறார்கள். விமானம் ஏறும் முன்பே செல்போனில் வீடு தெரிய ஆரம்பித்துவிடுகிறது.

காங்கேயம் பக்கம் இருக்கும் என் பெரியப்பா வீட்டிலும் இது நடந்தது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. தோட்டத்துப் பக்கம் நடந்தபோதுதான் சொன்னார்.

“கேமரா வெச்சதுல இருந்து வீட்டுக்குள்ள துண்டோட உக்கார முடியறதில்ல கண்ணு. நேத்து மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன். உடனே போன் வருது, ஏம்ப்பா படுத்திருக்கீங்க, உடம்புக்கு என்னன்னு. உங்க பெரியம்மா என்னையத் திட்டறதுன்னாக்கூடக் கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போயித்தான் திட்டறா.”

டல்லாஸில் இருக்கும் அவர் மகனை, என் அண்ணனை, எனக்கு நன்றாகத் தெரியும். பாசக்காரர். ஒருமுறை அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போக, அரை நாள் முழுக்க யாரும் எடுக்காமல், அமெரிக்காவில் நடுராத்திரியில் அண்ணன் துடித்திருக்கிறார். அந்த பயம் பொய்யில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேமரா தீர்த்து வைத்தது மகனின் தேவையை. அப்பாவின் தேவை வேறு. விழுந்தால் யாருக்காவது தெரிய வேண்டும். விழாத நேரமெல்லாம் தன் வீட்டில் தன் இஷ்டப்படி இருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்து யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூடத்தில் கேமரா வந்திருக்காது.

பெரியப்பாவுக்குப் புதுக் கருவிகள் மீது வெறுப்பு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் உயிரைப் போலப் பாதுகாக்கும் ஒரு கருவி தோட்டத்து மோட்டார் ரூமில் இருக்கிறது. சிம் கார்டு போட்ட ஸ்டார்ட்டர்.

நகரத்தில் இருப்பவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் நம் மாநிலத்தில் நெடுங்காலம் முறை வைத்துத்தான் வந்துகொண்டிருந்தது. பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம். இரவு முறை என்றால் கரண்டு வரும் நேரத்துக்கு டார்ச்சும் தடியுமாகத் தோட்டத்துக்கு நடக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. வரப்பில் காலை வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பு இருக்கும். போய்ச் சேர்ந்தால் ஒரு பேஸ் இருக்காது. திரும்ப வந்து படுத்தால் கரண்டு வந்துவிடும். கிணற்றில் தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடினால் காயில் கருகும். அதை மறுபடி கட்டக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் செலவு. கட்டி வரும்வரை பயிர் காயும்.

இப்போது பெரியப்பா கட்டிலில் இருந்தபடி அந்த ஸ்டார்ட்டரின் நம்பருக்குப் போன் போடுகிறார். மூன்று பேஸும் இருக்கிறதா என்று அது சொல்கிறது. ஒரு எண்ணை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, இன்னொன்றை அழுத்தினால் நிற்கிறது. தண்ணீர் வற்றினால் தானே நின்று அவருக்குத் தகவல் சொல்கிறது. பட்டன் போன் போதும், இணையம் வேண்டியதில்லை. இந்த வகைக் கருவியை இந்தியாவில் முதலில் பரப்பியவர்களில் ஒருவர் புணே பொறியாளர் சந்தோஷ் ஓஸ்ட்வால். அவருடைய ‘நானோ கணேஷ்’ கருவிக்குத் தூண்டுதல், மோட்டார் போட இரவில் தோட்டத்துக்கு நடந்த அவருடைய தாத்தா பட்ட பாடு. இன்று கோயம்புத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் இதைத் தயாரிக்கும் பட்டறைகள் உண்டு. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை மானியமும் தருகிறது.

இதில் நான் கவனித்த விஷயம் ஒன்று. அந்த ஸ்டார்ட்டர் யார் சொன்னால் கேட்கிறதோ, அவர்தான் அதன் பயனையும் அனுபவிக்கிறார். கட்டளை அவருடையது, தகவலும் அவருக்கே வருகிறது. கேமராவில் அப்படி இல்லை. அது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தகவல் கடல் தாண்டிப் போகிறது. அணைக்கும் வழி அவருக்குத் தெரியாது. இரண்டும் இணையத்தாலோ சிக்னலாலோ இணைந்த கருவிகள்தான். கடைக்காரர் இரண்டையும் ‘ஸ்மார்ட்’ என்ற ஒரே அலமாரியில்தான் வைப்பார். ஆனால் ஒன்று அந்த மனிதருக்கு இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொன்று அவருடைய பகல் தூக்கத்தைப் பறித்துக்கொண்டது.

பார்த்துக்கொண்டே இருப்பது எப்போதுமே தவறு என்று சொல்ல வரவில்லை. அது அவசியமாக இருந்த கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜான் காஸ்டிக் என்ற பொறியாளரின் மகனுக்கு 2012-ல், நான்கு வயதில், டைப் 1 சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. இந்த நோயுள்ள குழந்தைகளுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வலிப்பு வரலாம். தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். பெற்றோர் இரவில் மாறி மாறி விழித்திருப்பார்கள். தோலில் ஒட்டும் சென்சார் அப்போதே இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்க்கரை அளவைக் காட்டும். ஆனால் அந்த எண், குழந்தையின் பக்கத்திலேயே இருக்க வேண்டிய ஒரு சின்னப் பெட்டியில் மட்டும்தான் தெரியும். குழந்தை பள்ளிக்கூடத்தில், அப்பா வேலையில். என்ன பயன்?

காஸ்டிக் அந்தப் பெட்டிக்குள் புகுந்து எண்ணை வெளியே எடுத்து இணையத்துக்கு அனுப்பும் வழியை 2013-ல் தானே எழுதினார். தன் மேசையிலிருந்தே மகனின் சர்க்கரை அளவைப் பார்த்தார். விஷயம் மற்றப் பெற்றோருக்குப் பரவியது. அவர்களில் பலர் நிரல் எழுதத் தெரிந்தவர்கள். எல்லோரும் சேர்ந்து ‘நைட்ஸ்கவுட்’ என்ற பெயரில் அதை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தும்படி 2014-ல் வெளியிட்டார்கள். நாங்கள் காத்திருக்கப்போவதில்லை என்பது அவர்களுடைய முழக்கம். நிறுவனங்கள் இந்த வசதியைத் தாங்களே தர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். தேவை இருந்தவர்கள் முன்னே நடந்தார்கள்.

அந்த நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பாவின் கண் தேவைப்பட்டது. அதே குழந்தை பதினாறு வயதாகி நண்பர்களோடு வெளியே போகும்போது, ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் வீட்டிலிருந்து போன் வந்தால் என்ன ஆகும்? டைப் 1 உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். சிலர் அபாய அளவு வந்தால் மட்டும் தங்களுக்குத் தகவல் வரட்டும் என்று மாற்றிக்கொள்கிறார்கள். எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள். கருவி அப்படியே இருக்கிறது. வயது கூடக் கூட, அதன் சாவி பெற்றோர் கையிலிருந்து பிள்ளையின் கைக்கு மாறுகிறது.

நம் பெற்றோர் விஷயத்தில் நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம் என்பதுதான் என் வருத்தம். எழுபது வயது ஆனதும் சாவி அவர்கள் கையைவிட்டுப் போய்விடுகிறது. ஐம்பது ஆண்டுகள் பயிர் பார்த்து, கடன் கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர், தன் வீட்டுக் கூடத்தில் எங்கே கேமரா இருக்கலாம் என்று சொல்லத் தகுதியில்லாதவராகிவிடுகிறார். பாசம் இதற்குச் சமாதானம் ஆகாது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்தக் கருவிகள் பல, எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வரை நம்பி வாழ்பவை. ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டி ஒன்று அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்றது. அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் அதன் சர்வரை நிறுத்தியது. பெட்டி பழுதாகவில்லை, ஆனால் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. விளக்கு எரியாமல் போனால் எழுந்து சுவிட்சைப் போடலாம். அம்மா நலமாக இருக்கிறாள் என்று சொல்லும் கருவி ஒருநாள் சொல்லாமல் நின்றால்? நம் ஊரில் அதற்கு சர்வர் நிற்க வேண்டியதில்லை. கரண்டு போனாலே போதும், சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்தாலே போதும். அதனால் எந்தக் கருவி வைத்தாலும் அடுத்த வீட்டுக்காரரின் நம்பரும், அவரிடம் ஒரு மாற்றுச் சாவியும் கட்டாயம் இருக்க வேண்டும். கெட்டில் பேசாவிட்டால் ஜப்பானிலும் யாராவது ஒருவர் போய்க் கதவைத் தட்டத்தான் வேண்டும்.

நம் வீட்டுக்கு ஏற்ற கெட்டில் எது? நானும் அண்ணனும் போனில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். பெரியப்பாவுக்கு வெந்நீர்ப் பழக்கம் கிடையாது. ஆனால் காலை ஆறு மணிச் செய்திக்கு டிவியைப் போடாமல் இருக்க மாட்டார். டிவியின் பிளக்குக்கும் சுவர் சாக்கெட்டுக்கும் இடையில் மாட்டுகிற, மின்சார அளவைக் கணக்கிடும் ஸ்மார்ட் பிளக் கடைகளில் கிடைக்கிறது. எப்போது மின்சாரம் இழுத்தது என்று அது சொல்லிவிடும். பெரியம்மாவுக்கு என்றால், மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் போடும் நேரமே தகவல். கழிப்பறைக்குப் போகும் வழியில், இரவில் ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு ஒன்று. அது யாருக்கும் எந்தத் தகவலும் அனுப்ப வேண்டாம், விழாமல் காப்பாற்றினால் சரி. படுக்கையருகிலும் குளியலறையில் கைக்கு எட்டும் உயரத்திலும் ஒரு அவசர பட்டன். பெரியப்பாவிடம் இதையெல்லாம் அண்ணன் சொன்னபோது அவர் ஒரே ஒரு திருத்தம் செய்தார். பட்டனை அழுத்தினால் முதல் போன் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம், எதிர்த் தோட்டத்துக்காரருக்குப் போகட்டும் என்றார். அவர்தான் ஐந்து நிமிடத்தில் வந்து சேர முடியும். இத்தனை பேர் இத்தனை நாள் யோசித்ததில் அதுதான் மிகச் சரியான யோசனை.

வெளியூரில் இருந்து இதைப் படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, வாங்கி வந்த பெட்டியைப் பிரிக்கும் முன் அம்மாவோடும் அப்பாவோடும் ஒரு மணி நேரம் உட்காருங்கள். உங்களுக்கு எதில் பயம் என்று கேளுங்கள். நான் எதைத் தெரிந்துகொள்ளலாம், எது எனக்குத் தெரிய வேண்டாம் என்று கேளுங்கள். ஏற்கெனவே கேமரா மாட்டியிருந்தால், கூடத்தில் இருப்பதைக் கழற்றி வாசலுக்கு மாற்றுங்கள். அணைக்கும் சுவிட்சை அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்து, எப்படி அணைப்பது என்று சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.