பாக்கியம் என்று சொல்லி வாயை அடைக்காதீர்கள்

பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிகளைக் கண்டால் எல்லோரும் சொல்லும் ஒரு வசனம் உண்டு. “உங்களுக்கென்னம்மா, கொடுத்து வைத்தவர். இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?” கோயிலில், கல்யாண வீட்டில், மருந்துக்கடை வாசலில் என்று எல்லா இடத்திலும் கேட்டாகிவிட்டது. பாக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரு சொல்லைப் போட்டு மூடிவிடுவதால், அதற்கு அடியில் இருக்கிற வேலை யார் கண்ணிலும் படுவதில்லை. இன்று அதற்காகத்தான் சண்டை போட உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று வயதுப் பேரன், ஒன்றேகால் வயதுப் பேத்தி. மகனும் மருமகளும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் திரும்பி வர இரவு ஏழரை. நடுவில் பதினோரு மணி நேரம். பெரியவன் இட்லி கேட்பான்; தட்டில் வைத்ததும் தோசைதான் கேட்டேன் என்பான். சின்னவள் ஒருநாள் குக்கர் வெயிட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அரை மணி தேடி, தாத்தாவின் ஷூவுக்குள் கண்டெடுத்தோம். ஒருத்தி தூங்கினால் இன்னொருவன் எழுப்புவான். பாத்ரூம் போனாலும் கதவைச் சாத்த முடியாது. நான் உத்தியோகம் பார்த்த காலத்தில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி உண்டு, ஞாயிறு லீவு உண்டு, மெடிக்கல் லீவு உண்டு. இந்த உத்தியோகத்தில் மூன்றும் இல்லை.

வரவையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவன் தன் பிளாஸ்டிக் யானைக்குச் சோறு ஊட்டுகிறான். “ஒரே ஒரு வாய், கடைசி வாய், பாட்டி பாவமில்ல?” என்று என் குரலிலேயே அதைக் கெஞ்சுகிறான். அதைப் பார்த்த பத்து நிமிடம் முழங்கால் வலி தெரியாது. பதினோராவது நிமிடம் தெரியும்.

சந்தோஷம் இருக்கிறது என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. நாதஸ்வரக்காரர் ரசித்து வாசிக்கிறார் என்பதற்காக அவரைச் சும்மா அனுப்பிவிடுகிறோமா? உடனே “பேரனைப் பார்க்கக் காசா?” என்று கிளம்பிவிடாதீர்கள். காசு கேட்கவில்லை. வேலை என்று ஒப்புக்கொள்ளுங்கள் என்கிறேன். ஒப்புக்கொண்டால்தான் அதற்கு நேரம், ஓய்வு, மாற்று ஆள் என்ற பேச்சே வரும்.

“அந்தக் காலத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளை வளர்க்கவில்லையா?” என்பது அடுத்த வசனம். வளர்த்தார்கள். யார் யார் சேர்ந்து வளர்த்தார்கள் என்பதையும் சொல்லுங்கள். வீட்டில் அத்தை இருந்தாள், சித்தி இருந்தாள். மூத்த பெண் இடுப்பில் கடைசித் தம்பி இருந்தான். பக்கத்து வீட்டுத் திண்ணையில் ஒரு ஆயா இருந்தாள். பிள்ளை தெருவில் விழுந்தால் தூக்க நாலு பேர் வந்தார்கள். இன்று மூன்றாவது மாடி, சாத்திய கதவு, உள்ளே அறுபதைத் தாண்டிய ஒருத்தி, இரண்டு குழந்தைகள். இரண்டையும் ஒரே தராசில் வைப்பது நியாயமா?

சரி, சட்டம் என்ன செய்கிறது? மகப்பேறு பயன்கள் சட்டத்தை 2017-ல் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்த விடுப்பை 26 வாரமாக்கினார்கள். நம் மாநில அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். நல்ல காரியம். ஆனால் கல்வி உரிமைச் சட்டம் குழந்தையின் கையைப் பிடிப்பது 6 வயதில். தனியார் வேலையில் இருக்கும் தாயின் குழந்தை நடுவிலுள்ள ஐந்தரை வருடம் எங்கே இருக்க வேண்டும்? 1975-ல் தொடங்கிய அங்கன்வாடி ஏழைக் குழந்தைகளுக்குப் பெரிய ஆதரவு. ஆனால் இருட்டிய பிறகு வீடு திரும்பும் தாய்க்கு அதன் நேரம் போதாது. மிச்சமிருப்பது பாட்டியின் மடிதான்.

அதே 2017 திருத்தத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம். தேயிலை பறிக்கும் பெண்களுக்காக 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே காப்பகம் கேட்டது. கண்ணாடி மாளிகை ஆபீஸ்களில் அது எங்கே என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்களா? கேட்க மாட்டார்கள். ஊரிலிருந்து அம்மாவை வரவழைத்தால் தீர்ந்தது. கம்பெனிக்குச் செலவு மிச்சம். இந்தப் பாக்கியத்தில் பெரிய பங்கு முதலாளிக்குத்தான் போகிறது.

எத்தனை வீடுகளில் தாத்தா கும்பகோணத்திலும் பாட்டி பெங்களூரிலுமாக, நாற்பது வருடக் குடித்தனத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்! அமெரிக்கா என்றால் ஆறு மாதம் பெண்ணைப் பெற்றவர்கள், அடுத்த ஆறு மாதம் பிள்ளையைப் பெற்றவர்கள். ஷிப்டு போட்டு அனுப்புகிறோம்.

“மருமகள் வேலையை விட்டுவிட்டால் தீர்ந்தது” என்று சொல்கிறவர்களிடம் எனக்குக் கோபம் அதிகம். அந்தப் பெண்களைப் படிக்க வைத்தது யார்? நாம்தான். டியூஷன் அனுப்பி, கல்விக் கடன் வாங்கி, “சொந்தக் காலில் நில்” என்று சொல்லி வளர்த்துவிட்டு, நின்ற பிறகு உட்கார் என்றால் எப்படி? மகனைப் பார்த்து யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லையே, ஏன்?

இனி தாத்தாக்களுக்கு. வாக்கிங், பேப்பர், வாட்ஸ்அப், டிவி விவாதம் எல்லாம் முடிந்து, குளிப்பாட்டிப் பவுடர் போட்ட குழந்தையை வாங்கிக் கொஞ்சி, அது நனைத்ததும் “இந்தா, பிடி” என்று திருப்பிக் கொடுப்பது குழந்தை வளர்ப்பு ஆகாது. பென்ஷன் இரண்டு பேருக்கும் வருகிறது என்றால், ஓய்வும் இரண்டு பேருக்கும் வர வேண்டும். நாப்கின் மாற்ற ஒருநாள் பயிற்சி போதும். முப்பது வருடம் ஆபீஸ் ஃபைலைக் கட்டிக் காத்தவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

நான் கேட்பது நான்கே நான்கு. வாரத்தில் ஒருநாள் பாட்டிக்கு முழு லீவு. அன்று அவள் கோயிலுக்குப் போவாளோ தூங்குவாளோ, யாரும் கேட்கக்கூடாது. அவளுடைய கண் டாக்டர், மூட்டு டாக்டர் நாட்களைக் குழந்தைக்காகத் தள்ளிப்போடக்கூடாது. பெற்றவர்கள் இரண்டு பேரும் ஆபீஸில் எழுதிக் கேட்க வேண்டும், காப்பகம் எங்கே என்று. தாத்தா தினமும் இரண்டு மணி நேரமாவது தனியாகப் பொறுப்பேற்க வேண்டும்.

என் வயதுப் பெண்களே, “முடியவில்லை” என்று சொன்னால் பேரன் மேல் பாசம் இல்லை என்று ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். குழந்தைக்கு வேண்டியது தள்ளாடி விழாத பாட்டி. அவளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அந்த வீட்டின் பொறுப்புதான்.